நாலு மடிப்பு அட்டை

நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் அவள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு பிஸ்கட் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் நாள், பேக்கிங் பெண்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பின் இரைச்சலே அமுங்கிப்போனது. சிரிக்கமாட்டார்களா பின்னே? பதினோரு வருஷம் அவர்களோடு வெள்ளைத் தொப்பி போட்டு, தோளோடு தோள் உரச நின்று பாக்கெட் அடுக்கியவள் அவள். வெள்ளைத் தொப்பி என்றால் பேக்கிங், பச்சைத் தொப்பி என்றால் மெயின்டெனன்ஸ். அந்தப் பச்சைத் தொப்பிக்குள் அதுவரை ஒரு பெண்ணின் தலை போனதில்லை.

ஆறு அடிக்கு ஒரு விரற்கடை குறைவு என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வயது முப்பத்தாறு. எட்டாம் வகுப்பில் ஒரு மகள். இந்த வயதில் இவளுக்கு எதற்கு ஸ்பானரும் கிரீஸும் என்று கேட்காத ஆள் கிடையாது. தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புக்குப் பயிற்சியாளர்கள் மூன்று பேரை எடுக்கப்போகிறோம், உள்ளே வேலை செய்கிறவர்களும் பரீட்சை எழுதலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லாரும் அதைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இவள் படித்துவிட்டுப் போய் விண்ணப்பம் வாங்கினாள். மகளின் அறிவியல் புத்தகத்தையும் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகங்களையும் வைத்துக்கொண்டு நாலு மாதம் மல்லுக்கட்டினாள். டிப்ளமா படித்த பையன்கள் முப்பது பேர் எழுதிய பரீட்சையில் இரண்டாவதாக வந்தாள். இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் வந்துவிட்டால் ஆயிற்றா? மூன்று மாதம் சோதனைக் காலம். அதன் முடிவில் ஒரு பழுதைத் தானே கண்டுபிடித்து, தானே சரிசெய்து காட்ட வேண்டும். ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷப் பயிற்சி, அதற்கப்புறம் ஃபிட்டர். போடாவிட்டால் பழையபடி வெள்ளைத் தொப்பி.

ஃபோர்மேன் அவளைவிட ஐந்து வயது சின்னவர். அவளை "அக்கா" என்பார், அவள் அவரை "சார்" என்பாள். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் தன் மெஷின்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுற கைதான் சரியில்ல" என்பது அவருடைய வேதம். "மெயின்டெனன்ஸ்காரன் தொட்டா உருப்படாது" என்பது பேக்கிங் பெண்களின் வேதம். இந்த இரண்டு வேதங்களுக்கும் நடுவில் பிஸ்கட் நமுத்துக்கொண்டிருந்தது.

நமுத்தது என்று நான் சும்மா சொல்லவில்லை. இரண்டாவது லைனில் பாக்கெட் போடுகிற மெஷினுக்கு நாலு வருஷமாக ஒரே வியாதி. பிஸ்கட் வரிசையாகச் சங்கிலியில் ஏறி வரும், மேலே தாள் சுற்றிக்கொள்ளும், கடைசியில் சூடான இரண்டு தாடைகள் வந்து பாக்கெட்டின் இரு முனையையும் கடித்து ஒட்டி வெட்டும். அந்த ஒட்டு சில பாக்கெட்டில் சரியாக ஒட்டாது. தூள் மாட்டிக்கொள்ளும். காற்று புகும். அப்புறம் நமுக்காமல் என்ன செய்யும்? ஓட்டைப் பாக்கெட்டைப் பிடிப்பதற்காகவே இரண்டு பெண்கள் எட்டு மணி நேரமும் ஒவ்வொரு பாக்கெட்டாக அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாடையை மாற்றினார்கள், சங்கிலியை மாற்றினார்கள், தாளை மாற்றினார்கள். வியாதி மட்டும் மாறவில்லை.

சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஃபோர்மேன் மூன்று பேருக்கும் பழுதுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவனுக்குக் கிறீச்சிடும் பெல்ட். இன்னொருவனுக்கு ஒழுகும் பம்ப். நெட்டைக்கு இரண்டாவது லைன்.

"நீங்க அங்கதானேக்கா நின்னீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

இது என்ன நியாயமோ எனக்குத் தெரியாது. நாலு வருஷமாகத் தன்னால் முடியாததை மூன்று மாதம் ஆனவள் தலையில் கட்டுவதற்குப் பெயர் பயிற்சியாம். ஆனால் அவர் விளையாட்டாகச் சொன்ன வார்த்தை நெட்டைக்குச் சரியான இடத்தில் தைத்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அந்த மெஷினில் யாருக்கும் தெரியாமல் ஒன்று இருக்கிறது என்பதும் தெரியும், அதை முதன்முதலில் வைத்த கை எது என்பதும் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சங்கிலியில் வந்த பிஸ்கட் வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்து மாட்டிக்கொண்டேயிருந்தது. மெயின்டெனன்ஸுக்குச் சொல்லி அனுப்பினால் வர ஒரு மணி நேரம், வந்ததும் திட்டு அரை மணி நேரம். பார்த்தாள் நெட்டை. காலிப் பெட்டியிலிருந்து ஓர் அட்டைத் துண்டைக் கிழித்தாள். ஒரு மடிப்பு மடித்தாள். பக்கவாட்டில் பிஸ்கட்டுக்கு வழிகாட்டும் கம்பிக்கு அடியில் செருகினாள். வரிசை நூல் பிடித்தமாதிரி நேராக வந்தது. அன்றைக்கு லைனே அவளைக் கொண்டாடியது.

உணவு தயாராகும் இடத்தில் மெஷினுக்குள் வெளிப்பொருள் எதை வைத்தாலும் வேலை போய்விடும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. அதனால் பச்சைத் தொப்பி தூரத்தில் தெரிந்ததுமே அட்டையை உருவிவிடுவார்கள். வெள்ளை அங்கியில் பாக்கெட் கிடையாது, எதுவும் தவறி விழக்கூடாது என்று வேண்டுமென்றே பாக்கெட் இல்லாமல் தைப்பார்கள். ஆகவே அட்டை பூட்ஸுக்குள் போகும். அந்தப் பூட்ஸ் லைன் தலைவியுடையது. லைன் தலைவி வேறு யாருமில்லை, நெட்டையின் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து வீடு. இருபது வருஷமாக அந்தத் தொழிற்சாலையைத் தன் இடுப்பில் தூக்கிவைத்திருப்பதாக நினைப்பு. அதில் பாதி உண்மையும்கூட.

பச்சைத் தொப்பிக்குள் தலையை விட்டபிறகுதான் நெட்டைக்கு அந்த வியாதியின் மறுபாதி விளங்கியது. ஃபோர்மேன் வரும்போது அட்டை இருக்காது. பிஸ்கட் சாய்ந்து, ஒரு நூல் பின்தங்கி வரும். அவர் அதைப் பார்த்து, தாடை ஒரு நூல் தாமதமாகக் கடிக்கிறமாதிரி திருகி வைப்பார். நன்றாக ஓடும். போய்விடுவார். அவர் முதுகு மறைந்ததும் அட்டை மறுபடி உள்ளே போகும். பிஸ்கட் நேரத்துக்கு வரும், தாடை தாமதமாக வரும், பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்துத் தூளாக்கும். பெண்கள் ஃபோர்மேனைத் திட்டுவார்கள். அவர் பெண்களைத் திட்டுவார். நாலு வருஷமாக இவர்கள் கட்டியதை அவர் அவிழ்த்து, அவர் கட்டியதை இவர்கள் அவிழ்த்து! இரண்டு பக்கமும் நின்றவள் அவள் ஒருத்திதான். நடு வழியில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கலாம் போலவும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது அவளுக்கு.

இன்னொன்றும் அவளை அரித்தது. முதலில் ஒரு மடிப்புதான் வைத்தாள். அடுத்த வருஷம் அது போதவில்லை, இரண்டாக மடித்தார்கள். இப்போது நாலு மடிப்பு. கம்பி அப்படியே இருக்க அட்டை ஏன் தடிக்க வேண்டும்? ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டு வருகிறது. பிஸ்கட் தூளும் எப்போதும் தண்ணீர் வடியும் சாக்கடைப் பக்கம்தான் குவியும். பதினோரு வருஷம் கூட்டிப் பெருக்கியவளுக்கு அது தெரியாதா?

ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் அட்டையைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நெட்டையும் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, நாளைக்கு நாங்க வரும்போது அட்டையை எடுக்காதீங்க."

நாத்தனாரின் கை நின்றது. "என்னடி சொல்ற?"

"அது இருக்கிறபடியே ஃபோர்மேன் சார் பார்க்கணும். நீங்க எடுத்துட்டா மெஷின் வேற மாதிரி ஓடுது. அவர் அதுக்குத் தகுந்த மாதிரி திருகிட்டுப் போறாரு. நாலு வருஷமா இதேதான் நடக்குது."

"அவர் பார்த்தா என் சீட்டு கிழியும். சுவத்துல எழுதியிருக்கிறது உனக்குத் தெரியாது? பச்சைத் தொப்பி போட்டதும் வெள்ளை மறந்துபோச்சா?"

"முதல்ல வெச்சது நான்தானே அண்ணி. அதை நானே சொல்லிடுறேன்."

"சொல்லு, சொல்லு! உன்னையும் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வருவாங்க." நாத்தனார் துணியைக் கீழே எறிந்தாள். "ஏண்டி, நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. தாடையை லேசா துடைச்சு, ரெண்டு போல்ட்டை இறுக்கி, நாலு பாக்கெட்டைக் காட்டி கையெழுத்தை வாங்கிட்டு வர வேண்டியதுதானே? நாங்க அட்டையை வெச்சு சமாளிச்சுக்கிறோம். வலியப்போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கணுமா?"

நாத்தனார் சொன்னது சுலபமான வழி, அதுவும் அவள் மேலுள்ள அக்கறையில் சொன்ன வழி. ஆனால் அப்படி வாங்குகிற கையெழுத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அந்த மெஷின் முகத்தில் எப்படி முழிப்பது? உறையை மடித்து மேலே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நாத்தனார் "சரி" என்றும் சொல்லவில்லை, "முடியாது" என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது லைனை நிறுத்தினார்கள். ஃபோர்மேன் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் தொட்டி மேடம். தரப் பரிசோதனை அதிகாரி அவர். பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை என்பதால் அந்தப் பெயர். ஒரே ஒரு குமிழி வந்தாலும் ஒரு மணி நேரத்துச் சரக்கைத் திருப்பி அனுப்புகிற ஆள். சுவரில் இருக்கும் அந்தக் கொட்டை எழுத்துக்கு அடியில் இருக்கும் கையெழுத்தும் அவருடையதே.

நெட்டை தன் கருவிகளை எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டு மெஷின் மூடியைத் திறந்தாள். கம்பிக்கு அடியில் பார்த்தாள். அட்டை இல்லை. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

நெட்டைக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முகக்கவசத்துக்குள் விழுங்கிக்கொண்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க பார்க்கிற மெஷின் வேற, ஓடுற மெஷின் வேற. இந்தக் கம்பிக்கு அடியில ஒரு அட்டை இருக்கும். நீங்க வரும்போது இருக்காது. முதல்ல வெச்சது நான்தான். நாலு வருஷமாச்சு."

தொட்டி மேடத்தின் புருவம் தொப்பிக்குள் ஏறியது.

"அட்டையா?" என்றார் ஃபோர்மேன். "என் மெஷின்லயா? எங்க, காட்டுங்க."

நெட்டை வெறும் கம்பியைக் காட்டினாள்.

"இங்க ஒண்ணும் இல்லையேக்கா. பழுதைக் கண்டுபிடிக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. எதுக்குக் கதை? அட்டையை எடுத்தது யாரு? இப்ப அது எங்க இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று நெட்டைக்குத் தெரியும். நாலடி தூரத்தில் இடது பூட்ஸுக்குள் இருக்கிறது. ஒரு விரலை நீட்டினால் போதும். விரல் நீளவில்லை.

"வெச்சது நான்தான் சார். வேற யாரையும் நான் சொல்லமாட்டேன்."

"அப்ப நான் கையெழுத்து..."

அவர் முடிக்கவில்லை. பின்னால் ஒரு சத்தம். நாத்தனார் ஒரு கையால் கன்வேயரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, இடது பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பூட்ஸைக் கழட்டாதீங்க! உள்ளே பூட்ஸைக் கழட்டக் கூடாது!" என்று தொட்டி மேடம் அலறினார்.

நாத்தனார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பூட்ஸைக் கவிழ்த்து உதறினாள். அட்டை தரையில் விழுந்தது. "இந்தாங்க. எடுத்து எடுத்து ஒளிச்சது நான். அவ ஒருத்திய எதுக்கு நிக்கவெச்சுக் கேக்கறீங்க? என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க." சொல்லிவிட்டு நெட்டையை முறைத்தாள். "நெட்டையா வளர்ந்தியே தவிர, பொழைக்கத் தெரியலடி உனக்கு."

ஃபோர்மேன் குனிந்து அட்டையை எடுத்தார். பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நாலு வருஷத் தலைவலி அவர் உள்ளங்கையில் கால் வியர்வையோடு கிடந்தது.

"முதல்ல ஒரு மடிப்புதான் சார்," என்றாள் நெட்டை. இப்போது அவள் குரல் தெளிந்துவிட்டது. "வருஷா வருஷம் தடிச்சிருக்கு. அப்படின்னா மெஷின் சாயுது. சாக்கடைப் பக்கத்துக் கால் இறங்குதுன்னு நினைக்கிறேன். தினமும் கழுவிவிடற தண்ணி அந்தப் பக்கம்தான் போகுது. மட்டம் வெச்சுப் பார்க்கலாமா?"

ரசமட்டம் வந்தது. மெஷின் மேல் வைத்தார்கள். அதற்குள்ளிருந்த குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. ஃபோர்மேன் மட்டத்தைத் திருப்பிவைத்துப் பார்த்தார், துடைத்துவிட்டுப் பார்த்தார், கடைசியில் கையைக் கட்டிக்கொள்ள மறந்துபோய் நின்றார்.

அதற்கப்புறம் நெட்டை யாரையும் கேட்கவில்லை. ஈரத் தரையில் படுத்து மெஷினுக்கு அடியில் நுழைந்தாள். முழுசாக எங்கே நுழைவது? பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாக்கடை ஓரத்துக் காலுக்கு அடியில் தரை ஓடு விரிசல் விட்டு அமுங்கிக் கிடந்தது. மெஷினை ஜாக்கியில் ஏற்றி, அமுங்கின இடத்தில் கனமான துருப்பிடிக்காத தகடு ஒன்றைப் போட்டு, காலில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். மேலே நாத்தனார் மட்டத்தைப் பார்த்து, "இன்னும்... இன்னும்... ஏய், போதும் போதும், ஒரு பொட்டு இறக்கு" என்று குரல் கொடுத்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன?

பிறகு தாடை. மெஷின் செய்தவர்கள் போட்ட அடையாளக் கோடு நாலு வருஷக் கிரீஸுக்கு அடியில் மறைந்திருந்தது. சுரண்டித் துடைத்துக் கண்டுபிடித்தாள். கோட்டுக்குக் கோடு சேர்த்தாள். ஃபோர்மேனுக்குக் கை சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷத்தில் தாடையை ஒரு நூல் திருகப் போனார்.

"சார், கையை எடுங்க. இது என்னோட ரிப்பேர்."

அவர் சுட்டுக்கொண்டவரைப் போலக் கையை எடுத்தார். கருவிகளை எண்ணிச் சரிபார்த்து, மெஷினைக் கழுவித் துடைத்து, தொட்டி மேடம் தலையாட்டிய பிறகு லைன் ஓடத் தொடங்கியது. அட்டை இல்லை. பிஸ்கட் சாயவில்லை. பாக்கெட் பாக்கெட்டாக வந்து விழுந்தது. தொட்டி மேடம் தானே இருபது பாக்கெட்டைப் பொறுக்கி எடுத்தார். நல்லதாகப் பார்த்து எடுக்கிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

இருபதையும் தொட்டியில் போட்டு, மேலே கண்ணாடியால் அமுக்கினார். தொட்டியைச் சுற்றித் தலைகள். வெள்ளைத் தொப்பி, பச்சைத் தொப்பி எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பத்து விநாடி. குமிழி இல்லை. இருபது விநாடி. இல்லை. நெட்டை தன் இரண்டு கையையும் இறுகக் கோத்துக்கொண்டிருந்தாள். அரை நிமிஷம் ஆயிற்று. தொட்டி மேடம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், ஒளிந்திருந்தால் வெளியே வரட்டும் என்று. வரவில்லை.

"ஒண்ணுகூட இல்ல," என்றார் அவர். அந்த வார்த்தையை அவர் இரண்டாவது லைனைப் பார்த்துச் சொன்னதே கிடையாது.

அப்போது எழுந்த கூச்சல் இருக்கிறதே! மூன்று மாதத்துக்கு முன்னால் சிரித்த அதே பெண்கள்தான். நாத்தனார் நெட்டையின் கழுத்தைக் கட்டிக்கொள்ள எம்பிப் பார்த்து, எட்டாமல், இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாக்கெட் அமுக்குகிற பெண்கள் இருவரும் இனி இதற்கு ஓய்வு என்று தங்கள் கட்டை விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள். நெட்டை அழுதாள். அழுதால் என்ன? வெற்றிக்கு அழுகிறவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கூச்சல் அடங்கியதும் தொட்டி மேடம் தொண்டையைச் செருமினார். "அட்டை விஷயத்தை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம்," என்றார் ஃபோர்மேன். "நாலு வருஷமா ஒரு தடவைகூட மட்டம் வெச்சுப் பார்க்காத ஃபோர்மேன்னு முதல்ல என்னை எழுதுங்க. அப்புறம் அட்டையை எழுதுங்க."

சொல்லிவிட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. தொட்டி மேடம் அவரையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தார். "தானா வெளியில எடுத்துக் கொடுத்தா எச்சரிக்கையோட விட்டுடலாம்னு விதியில இடம் இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்." அதைச் சொல்லும்போது குரல் மற்ற லைன்கள் பக்கமும் கேட்கும்படி கொஞ்சம் உயர்ந்தது.

முதலில் ஒன்றாவது லைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஃபோர்மேனைச் சுற்றிக்கொண்டு நெட்டையிடம் போனாள். "அக்கா, எங்க மெஷின்ல லீவர் நிக்காது. ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி வெச்சிருக்கோம்." அடுத்தவள் மூன்றாவது லைன். அங்கே ஒரு பேனா மூடி. நாலாவது லைனில் ஒரு ஸ்பூன். ஸ்பூன் என்றதும் தொட்டி மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். மாவு பிசைகிற பக்கத்திலிருந்துகூட ஒரு ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து வரிசையில் நின்றான். நெட்டை குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினாள். எந்த மெஷின், எந்த இடம், எப்போதிலிருந்து, அதை வைக்காவிட்டால் என்ன ஆகும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒன்பது சேர்ந்துவிட்டது.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். "ஃபோர்மேனா வந்த ஆறு வருஷமா நான் கேக்கிறேன். என்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லையே?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள் நாத்தனார். "திட்டினீங்க."

ஃபோர்மேன் சோதனைக் காலத் தாளை எடுத்து, தொட்டியின் விளிம்பில் வைத்து, அது ஈரமாவதைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு நெட்டையிடம் நீட்டினார். பிறகு அவள் குறிப்பேட்டில் இருந்த ஒன்பதையும் மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்க்கா?" என்று கேட்டார்.

"ஸ்பூன்லேர்ந்து, சார்," என்றாள் நெட்டை. இருவரும் நாலாவது லைனுக்கு நடந்தார்கள்.